மூன்று வாரத் தள்ளுபடி

ரொஹானா முக்காட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நூர்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்யாணமான புதிதில் இருவரும் ஏற்படுத்திக்கொண்ட ஜாடை அது. நூர்தீன் வாடிக்கையாளரிடம் விலையை இறக்கிக்கொண்டே வருவான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ரொஹானா, அசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று கண்டால் முக்காட்டின் நுனியை லேசாக ஓர் இழுப்பு இழுப்பாள். இதற்குக் கீழே இறங்காதே என்று அர்த்தம். உடனே நூர்தீன் நெஞ்சில் கைவைத்து, ‘இது எனக்கே கட்டாது லா’ என்று கண்கலங்குவான். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் சுவெட்டர் விற்கிற இத்தனை கடைகளில் கண்ணீரோடு விற்கிறவன் அவன் ஒருவன்தான். அதுவும் காலையில் முதல் வியாபாரம் என்றால் இன்னும் கஷ்டம். போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அவன் குடும்பத்துச் சட்டம். அனுப்பினால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் பேச்சு எண்பது வெள்ளி விலையிலேயே நின்றிருந்தது. அசலோ முப்பதைத் தாண்டாது. எதிரே, கோலாலம்பூரிலிருந்து குளிர் பார்க்க வந்து, பார்த்த குளிர் போதும் என்று ஆகிவிட்ட ஒரு குடும்பம் பல் கிட்டிக்க நின்றது. நடுங்குகிறவனிடம் விலையைக் குறைத்தவன் நூர்தீனின் வம்சத்திலேயே கிடையாது. அவன் அத்தா தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சைக்கிளில் துணி விற்றவர். மழை வரட்டும் என்று மரத்தடியில் காத்திருந்துவிட்டுப் போய்ப் போர்வை விற்பார். அந்த ரத்தம். எண்பதில் எதற்கு நுனியை இழுக்கிறாள்? திரும்பிப் பார்த்தான். அவள் இன்னொரு முறை இழுத்தாள். மற்றொரு கை வயிற்றின்மேல் இருந்தது. நாற்காலியின் காலடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

“மச்சான், தண்ணி ஒடஞ்சிருச்சு,” என்றாள். “இன்னும் நாளு இருக்கே.”

அந்தக் குடும்பத்துக்கு என்ன விலைக்குக் கொடுத்தான் என்று நூர்தீனுக்கு இன்றுவரை நினைவில்லை. அவன் அன்றைக்கு எப்படி இருந்தான் என்பதைச் சொல்ல இது ஒன்றே போதும்.

கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த சரோஜாதான் முதலில் நிதானத்துக்கு வந்தவள். வார நாட்களில் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள்; சனி ஞாயிறுகளில் ரொஹானாவுக்குத் துணையாகக் கடைக்கு வருவாள். துணை என்றால் இருவரும் சேர்ந்து நூர்தீனைக் கேலி செய்வது. சனிக்கிழமை மலைப்பாதையில் கார், வேன் என்று காடிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆம்புலன்ஸும் அதே ஜாமுக்குள்தான் வந்தாக வேண்டும். சரோஜா போனை எடுத்துத் தன் புருஷன் முனியாண்டியைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்க? கோசு ஏத்திட்டியா? ஏத்துனது போதும். லோரிய பின்பக்கம் கொண்டா. ஏன் எதுக்குன்னு கேக்காத, கொண்டா.”

காய்கறி லோரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த தோட்டப் பாதைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் கூரைபோட்ட பண்ணைகளுக்கு நடுவே, நாய்கள் குரைக்கக் குரைக்க முனியாண்டி வளைத்து வளைத்து ஓட்டி, கோலா தெர்லாவுக்கு மேலே ஈப்போ போகும் பெரிய ரோட்டைப் பிடித்தான். முன் இருக்கையில் சரோஜாவின் மடியில் தலைவைத்து ரொஹானா. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், முட்டைக்கோஸ் கூடைகளின்மேல் நூர்தீன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் ஏறியது. ஊருக்கெல்லாம் சுவெட்டர் விற்றவன் ஒரு சுவெட்டரை எடுத்துக்கொண்டு வரவில்லை.

அந்தக் கூடைமேல் உட்கார்ந்துதான் அவனுக்கு மூன்று வாரத்தின் நினைப்பு வந்தது.

இதற்கு முன்னால் ரொஹானாவுக்குச் சில தடவை உண்டாகி, தங்காமல் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் செய்தி கடைத்தெருவில் பரவிய கையோடு போனது. ஆகவே இந்த முறை நூர்தீன் உஷாராக இருந்தான். கிளினிக்கில் கர்ப்பப் புத்தகம் எழுதுகிற நர்சு மிஸ்ஸி வேறு யாருமில்லை, பக்கத்துக் கடையில் அவித்த சோளம் விற்கும் அம்மாக்கண்ணுவின் மருமகள். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. கடைசியாகத் தூரமாகிக் குளித்த தேதி என்ன என்று அவள் கேட்டபோது ரொஹானா வாயைத் திறப்பதற்குள் நூர்தீன் முந்திக்கொண்டு மூன்று வாரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டான். சரக்கு முழுவதையும் முன்னால் பரப்பி வைக்கிறவன் வியாபாரியா? ஒரு மாதத்தைக் குறைத்திருந்தால் பொய். மூன்று வாரம் என்பது தள்ளுபடி. கண்ணு வைக்கிறவர்கள் தப்பான மாதத்தின்மேல் வைத்துவிட்டுப் போகட்டும். முதல் ஸ்கேனுக்குக் கொடுத்த நாள் பள்ளி விடுமுறை சீசனில் வந்தது. கடையை விட்டுப் போக முடியவில்லை. அடுத்ததற்கு இன்னும் நாள் இருந்தது. இத்தனை கெட்டிக்காரத்தனமும் இப்போது முட்டைக்கோஸ் கூடைமேல் குளிரில் உட்கார்ந்திருந்தது.

ஈப்போவில், கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில், அவர்களைப் பார்த்தது டாக்டர் விக்னேஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ரொஹானாவின் வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் திரையைப் பார்த்தாள். திரையில் ஏதோ ஒன்று, யாரும் அசைக்காமல், தானாக அசைந்தது. பிறகு புத்தகத்தைப் புரட்டினாள்.

“இருபத்தோரு வாரம். சரிதானே?”

அவசரத்தில் நூர்தீன் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிவிட்டான்.

“அக்கா, நான் ஒளிக்காம சொல்றேன்,” என்று டாக்டர் ரொஹானாவிடம் சொன்னாள். “வலி நிக்கிறதுக்கு மருந்து குடுக்குறோம். நின்னா நல்லது. நிக்காம இப்பவே வந்துருச்சுன்னா, இங்க நாங்க இருபத்திநாலுக்குக் கீழ மெஷின்ல போடுறதில்ல. தாங்காது. சுத்தமாத் தொடச்சு உங்க கையில குடுப்போம். உங்ககூடவே இருக்கட்டும்னு.”

“இருபத்திநாலுதான் டாக்டரம்மா,” என்றான் நூர்தீன்.

“என்ன?”

“இருபத்திநாலு. மேலயே இருக்கும். அல்லா மேல ஆணை.”

“இப்பதானே இருபத்தொன்னுக்குத் தலையாட்டுனீங்க.”

“அது வெளியாளுக்குச் சொல்ற கணக்கு.”

டாக்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையை நூர்தீனுக்குத் தெரியும். அசல் விலையே இதுதான் என்று அவன் கண்கலங்கும்போது வாடிக்கையாளர்கள் பார்க்கிற பார்வை.

“அண்ணே, நானும் மேல தோட்டத்துல பொறந்து வளந்தவதான். எங்கம்மா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில சுவெட்டர் வாங்குறதப் பாத்துருக்கேன். கடக்காரங்க எல்லாரும் நீங்க பேசுற மாதிரிதான் பேசுவாங்க. ஸ்கேன்ல பாத்தா நடுவுல நிக்குது. புத்தகத்துல உள்ளதுக்குக் கொஞ்சம் பெருசு, நீங்க சொல்றதுக்குக் கொஞ்சம் சிறுசு. இவ்ளோ தாமசமா எடுக்குற ஸ்கேன வச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. இருபத்திநாலுன்னா மெஷின்ல போடுவோம்னு நான் சொன்னப்புறம் நீங்க இருபத்திநாலுன்னு சொல்றீங்க. நான் என்னன்னு எடுத்துக்குறது?”

வாழ்க்கையில் அவன் எத்தனையோ விலை சொல்லியிருக்கிறான். உண்மை விலையை முதல் தடவையாகச் சொல்லும்போது வாங்க ஆளில்லை. ஆனாலும் வியாபாரி, ஒரு கதவு மூடினால் பின்கட்டு வழியாக வருவான்.

“சரி, அந்த இருபத்திநாலு, அது யாரு போட்ட கோடு?”

“நாங்கதான். டாக்டருங்க.”

“எப்பவும் இதேதானா?”

“இல்ல. எங்க பழைய ப்ரொபசர் காலத்துல இருபத்தெட்டுன்னுவாரு. அப்புறம் இருபத்தாறு. இப்ப இது. சில நாட்டுல இருபத்திரண்டுலயே பாக்குறாங்க.”

“அப்ப எறங்கிட்டு வருது,” என்றான் நூர்தீன். குரலில் உயிர் வந்துவிட்டது. “எறங்குற வெலைக்கு ஃபிக்ஸட் பிரைஸ்னு போர்டு மாட்டலாமா டாக்டரம்மா? உசுருன்னா எல்லாம் உசுருதானே. அடுத்த வருசம் வந்திருந்தா உங்க கோட்டுக்கு மேல நிக்கும். இந்த வருசம் வந்ததுதான் அதோட குத்தமா?”

அறையின் மூலையில் நின்றிருந்த சரோஜா, ‘நூர்தீன் நானா விடமாட்டாரு’ என்று முணுமுணுத்தாள். டாக்டர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேரம் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்தான் அப்படி உட்காருவார்கள்.

“நீங்க கேக்குறது நியாயம்தான். எங்களுக்குள்ளயே இதுல சண்ட நடக்குது. ஆனா அந்தக் கோடு புள்ளைக்குப் போட்டதில்ல அண்ணே. எங்க கைக்குப் போட்டுக்கிட்டது. அது உசுரு இல்லன்னு நாங்க சொல்லல. இந்தா, நீங்களே பாத்தீங்க, துடிக்குது. கோட்டுக்குக் கீழ நாங்க ஊசி குத்தி, குழாய் விட்டு, மாசக்கணக்குல செய்றது வைத்தியமா, இம்சையான்னு எங்களுக்கே தெரியாது. சரின்னு நான் இப்ப வெலயக் கொறச்சுட்டேன்னு வைங்க. குடுக்கப்போறது யாரு? நீங்களும் இல்ல, நானும் இல்ல.” திரையைக் காட்டினாள். “அது.”

நூர்தீன் திரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தவரை எதிராளி இப்படி ஒரு விலை சொன்னதில்லை.

சரோஜா அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “எங்க லயத்துல ஏழு மாசம் முடிஞ்சு வளையல் போட்டாத்தான் புள்ளன்னு வாய்விட்டுச் சொல்வாங்க நானா. அதுக்கு முன்ன போனா, அப்படியே விட்டுறணும். எனக்கும் ஒன்னு போச்சு. பேரு வைக்கக்கூடாதுன்னாங்க. நான் வச்சிருந்தேன்.”

“என்ன பேரு?”

“உங்களுக்கெதுக்கு?”

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“பேசி முடிச்சாச்சா எல்லாரும்?”

மூன்று பேரும் திரும்பினார்கள். ரொஹானா தலையணையில் சாய்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற அதே கண்.

“சரக்குக்காரிய ஓரமாப் படுக்கப்போட்டுட்டு ஆளாளுக்கு வெல பேசுறீங்க,” என்றாள். “டாக்டர், இவரு பேச்ச நம்பாதீங்க. நான் சொல்றத நம்புங்க. அந்தப் புத்தகத்துக் கணக்குப்படி பாத்தா இந்தப் புள்ள உண்டான வாரம் இவரு ஊர்லயே இல்ல. திருப்பூர்ல போய் உக்காந்து பனியன் வாங்கிட்டு இருந்தாரு. போறதுக்கு முந்துன வாரம்தான் கணக்கு. வந்து எறங்குனப்ப எனக்கு வாந்தியே ஆரம்பிச்சிருச்சு. இவரு கண்ணு பட்டுரும்னு மூணு வாரத்த மிச்சம் புடிக்கப்போய், புள்ளைக்கு அப்பன் யாருன்னு கேக்குற மாதிரி எழுதி வச்சுட்டு வந்துட்டாரு. நானும் அம்மாக்கண்ணு மருமக முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன்.”

நூர்தீன் மனதுக்குள் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சென்னைக்கு விமானம் ஏறியது, திருப்பூரில் லாட்ஜ், மூட்டை கட்டியது, திரும்பி வந்தது. பத்து காசு வித்தியாசம் வந்தாலும் தூங்காதவன், இத்தனை மாதமாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேயில்லை. முதலில் சிரித்தது சரோஜா. வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். டாக்டர் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலில் ரொஹானாவே சிரித்துவிட்டு, ‘சிரிக்க வைக்காதடி, வலிக்குது’ என்றாள்.

“பாஸ்போர்ட் கடையில இருக்கு,” என்றான் நூர்தீன் பரிதாபமாக. “முத்திரை இருக்கும். அனுப்பச் சொல்லவா?”

“வேணாம்ணே,” என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெலய ஏத்துறதுக்காக எந்தப் பொம்பளையும் இப்படி ஒரு பேச்சப் பேச மாட்டா.” புத்தகத்தில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். பிறகு சிரிப்பை நிறுத்தி ரொஹானாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, கோட்டத் தாண்டியாச்சு. ஒரு மயிரிழை. தாண்டுனதால பொழச்சுரும்னு அர்த்தமில்ல. முயற்சி பண்ணலாம்னு மட்டும்தான் அர்த்தம். பொழச்சாலும் கண்ணு, காது, மூச்சு, எதுலயும் கொற வரலாம். வேணாம்னு நீங்க சொன்னாலும் தப்பில்ல. உங்களுக்கு என்ன வேணும்?”

ரொஹானா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். விற்கிற எதையும் அவள் அவசரத்தில் விற்றதில்லை. நாலு மாதம் முடிந்தால் வயிற்றில் இருப்பதற்கு உயிரான ரூஹு ஊதப்படும் என்று ஓதிக்கொடுத்த உஸ்தாத் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அந்த நாள் வந்தபோது, யாருக்கும் சொல்லாமல் பாயாசம் காய்ச்சி, எதற்கென்று சொல்லாமலே சரோஜாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருந்தாள். அவள் கணக்கில் குழந்தை எப்போதோ வந்துவிட்டது. ஆனால் வந்ததைப் பிடித்துவைக்கிற உரிமை யாருக்கு, எதுவரை என்று உஸ்தாத் சொல்லித் தரவில்லை.

“அது முட்டி மோதுச்சுன்னா நீங்களும் மோதுங்க,” என்றாள். “அது கைய விட்டுருச்சுன்னா நீங்களும் விட்டுருங்க. என் நெஞ்சுல குடுத்துருங்க. ஒயரு மாட்டித் தனியாப் போகவிடாதீங்க. அவ்ளோதான் எனக்கு வேணும்.”

“இது போதும்,” என்றாள் டாக்டர்.

“இல்ல டாக்டரம்மா, அதோட இன்னொன்னு—” என்று நூர்தீன் ஆரம்பித்தான்.

ரொஹானா முக்காட்டின் நுனியை இழுத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வலி மருந்துக்குக் கொஞ்சம் கட்டுப்பட்டது. குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி உள்ளே போய் வேலை செய்ய நேரம் கிடைத்தது. அந்த நாட்களில் நூர்தீன் வார்டின் வெளி பெஞ்சிலேயே குடியிருந்தான். சும்மா இருக்க முடியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கடைக்கு வழி சொன்னான். ஒரு மதியம், வெயில் நன்றாக ஏறியிருக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அட்டைப்பெட்டியின் பிளாஸ்டிக் நாடாவை இழுத்துக் கிழித்தால் கிரீச்சென்று வருமே, அவ்வளவுதான். நூர்தீன் எழுந்து நின்றான். புதுச் சரக்கு வந்து இறங்குகிற சத்தம் அவனுக்குத் தெரியாதா.

வந்தது பெண். மோதினாள். குழாயைப் பிடித்து இழுத்தாள் என்று நர்சுகளே புகார் சொன்னார்கள். ‘என் லோரியில ஏத்துற பொடிக் கோசுகூட இதவிடக் கனம்,’ என்று முனியாண்டி கண்ணாடிக்கு வெளியே நின்று வியந்தபோது சரோஜா அவன் முழங்கையில் கிள்ளினாள். அதீரா என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்த அந்த அறையில் நூர்தீனுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுக்க வேண்டும், குழந்தையை வெறும் நெஞ்சில் வைத்துப் போர்த்துவார்கள், ஆடக்கூடாது, பேசக்கூடாது. பேசாமல் இருப்பதற்குத்தான் அவன் மிகவும் சிரமப்பட்டான். ஆனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சூடு நெஞ்சில் கிடந்து ஏறி இறங்கும்போது, இத்தனை வருடம் வாடிக்கையாளர்களுக்காகக் கை வைத்த இடம் இது என்று நினைத்துக்கொண்டு தானாகவே கண்கலங்கினான். இந்த முறை யாருக்கும் எதையும் விற்கவில்லை.

தொப்பிதான் பெரும் பாடாக இருந்தது. ஆஸ்பத்திரித் தொப்பிகள் அதீராவின் மூக்குவரை இறங்கின. நூர்தீன் யோசித்தான். கடையில் சாவிக்கொத்துகளில் தொங்கும் பொம்மைகள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நூலில் பின்னிய, பச்சைக் காம்பு வைத்த ஸ்ட்ராபெரி குல்லா. முனியாண்டியின் லோரியில் ஒரு பெட்டி வரவழைத்துத் துவைத்துக் காய வைத்துக் கொடுத்தான். அளவெடுத்தாற்போல் இருந்தது. நர்சுகள் இன்னும் கேட்டார்கள். நூர்தீன் தன் வாழ்க்கையில் காசு வாங்காமல் கொடுத்த முதல் மொத்த விற்பனை அதுதான். இரண்டொரு நாளில் அந்த அறை முழுக்க, கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு ஸ்ட்ராபெரியாக, மேலே மலையில் உள்ள பண்ணைபோல் சிவந்து கிடந்தது. ஒருநாள் காலை நாலாவது பெட்டி காலியாக இருந்தது. அதில் இருந்தவன் அதீராவைவிடக் கனமானவன், வாரத்திலும் மூத்தவன். குல்லாவை அந்தத் தாய் கையோடு எடுத்துப்போயிருந்தாள். அன்றைக்கு டாக்டர் விக்னேஸ்வரியும் நூர்தீனும் நடைபாதையில் எதிரெதிரே கடந்தபோது இருவரும் கோட்டைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் விவரமாகச் சொல்லி அனுப்பினாள். கண் பரிசோதனை இன்னும் பாக்கி. இடது காது சந்தேகம். நடக்கத் தாமதமாகலாம், பேசத் தாமதமாகலாம். “அப்புறம் அண்ணே, இவளுக்கு ரெண்டு வயசுக் கணக்கு. பொறந்த நாளிலேருந்து எண்றது ஒன்னு. முழு மாசத்துல எப்பப் பொறந்திருக்கணுமோ அதுலேருந்து எண்றது ஒன்னு. வளர்ச்சி பாக்குறப்ப ரெண்டாவதத்தான் சொல்லணும். மூணு மாசத்துக்கு மேலயே கொறச்சுச் சொல்லணும்.”

நூர்தீன் நம்ப முடியாமல் ரொஹானாவைப் பார்த்தான். “சட்டப்படியேவா?”

“சட்டப்படியே,” என்றாள் டாக்டர்.

மலைக்கு வந்த அன்று சரோஜா குழந்தையைக் கையில் வாங்கி, நல்ல காதின் பக்கமாகக் குனிந்து ஏதோ ஒன்று சொன்னாள். ஒரே ஒரு சொல்தான் இருக்கும். என்னவென்று யாரும் கேட்கவில்லை. அம்மாக்கண்ணு சோளத்தை அடுப்பில் போட்டுவிட்டு ஓடிவந்து, “பொறந்து எத்தன மாசம் நானா?” என்றாள். நூர்தீன் தலை நிமிர்ந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், டாக்டர் கொடுத்த தள்ளுபடி முழுவதையும் கழித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னான். அம்மாக்கண்ணு விரலில் எண்ணிப் பார்த்து, “அப்படின்னா இவ இன்னும் பொறக்கவே இல்லயே லா,” என்றாள். சரோஜா ஆமாம் என்று தலையாட்டினாள். கண்ணு வைக்க வந்தவர்கள் குழம்பிப்போய்த் திரும்பினார்கள்.

சில மாதங்களுக்குப் பின்னால், கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலை, கடையைத் திறந்து இன்னும் போணி ஆகாத நேரம். விடுப்பில் தோட்டத்துக்கு அம்மாவைப் பார்க்க வந்த டாக்டர் விக்னேஸ்வரி படியேறி வந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் யாரோ ஒரு தோட்டத்துப் பெண்ணைப்போல இருந்தாள். ரொஹானா கல்லாவில், மடியில் அதீரா. ஸ்ட்ராபெரி குல்லா இப்போது உச்சந்தலையில் ஒரு பொட்டுப்போலத்தான் நின்றது. டாக்டர் குழந்தையின் இடது காதுப் பக்கம் விரல் சொடுக்கினாள். அதீரா திரும்பினாளா, தற்செயலாகப் பார்த்தாளா என்பது தெரியவில்லை. மறுபடியும் சொடுக்கவில்லை. திரும்பி, மாட்டியிருந்த ஒரு பச்சைச் சுவெட்டரைத் தொட்டாள்.

“அம்மாவுக்கு. எவ்ளோண்ணே?”

“உங்களுக்கு எதுக்கு டாக்டரம்மா வெல. எடுத்துட்டுப் போங்க.”

“சும்மா குடுத்தா எங்கம்மா போடமாட்டாங்க. பேசித்தான் வாங்கணும். சொல்லுங்க.”

நூர்தீனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“இருபத்தெட்டு.”

“அது பழைய ப்ரொபசர் காலத்து வெல,” என்றாள் டாக்டர். “இருபத்திரண்டு.”

“இருபத்தாறு. எனக்கே கட்டாது.”

“எறங்குற வெலதானே. எறங்குங்க.”

“இருபத்திநாலு.”

“இருபத்திரண்டு,” என்று சொல்லிவிட்டு டாக்டர் வாசலைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள். தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய அடி அல்ல அது.

போணி. வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. நூர்தீன் சரி என்று சொல்ல வாயெடுத்து, வழக்கம்போலக் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ரொஹானா இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்தாள். அவள் எதையும் தொடவில்லை. அவள் தோளில் தொங்கிய முக்காட்டின் நுனி மட்டும் அதீராவின் கைக்குள் இருந்தது. அந்தச் சின்ன முட்டி, முழு பலத்தோடு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

நூர்தீன் திறந்த வாயோடு நின்றான். வாசலில் ஒரு காலை வைத்தபடி டாக்டரும் நின்றாள்.